அக்னி வசந்தம்: செய்யாறு பக்கத்து ஊரில் பாரதம்

சனி

சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரத்திலிருந்து செய்யாறு பஸ் ஏறினால் சுவர்களைப் படித்துக்கொண்டே போகலாம். பாலாற்றைத் தாண்டியதும் ஊருக்கு ஊர் மஞ்சள் நோட்டீஸ்: ‘மகாபாரத அக்னி வசந்த விழா’. கீழே நாள்வாரியாகப் பட்டியல். பகாசுரன் வதம், வில் வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், துரியோதனன் படுகளம், தீமிதி. யார் பிரசங்கம், எந்த ஜமா (கூத்துக் குழு) கூத்து என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். திருவண்ணாமலை, விழுப்புரம், காஞ்சிபுரம், வேலூர், கடலூர் என்று வட தமிழ்நாடு முழுக்கத் திரௌபதி அம்மனுக்குக் கோயில்கள் இருக்கின்றன. மதுரைக்குத் தெற்கே வளர்ந்த எனக்கு இது புதிது. எங்கள் பக்கம் பாஞ்சாலி கதையில் வருகிறவள். இங்கே அவள் குலதெய்வம், எல்லைத் தெய்வம், மழைத் தெய்வம் எல்லாம்.

நண்பனின் சொந்த ஊரில் விழா. அவனுடைய பெரியப்பா விழாக் குழுவில் இருக்கிறார். “எழுதுங்க, ஆனா ஊர் பேரு வேணாம்” என்று வந்ததும் சொல்லிவிட்டார். சரி, ஊர் பெயர் இல்லாமலே எழுதுகிறேன்.

வரும் வழியில் திருவோத்தூர் வேதபுரீசுவரர் கோயிலில் இறங்கினோம். செய்யாறு டவுனுக்குள்ளேயே இருக்கிறது. தல மரம் பனை. ஞானசம்பந்தர் பாடி ஆண் பனையைக் குலை தள்ள வைத்தார் என்பது தலபுராணம். பிராகாரத்தில் கல்லில் செதுக்கிய பனையும் உண்டு. இந்த வட்டாரத்தில் எங்கே பார்த்தாலும் பனைதான். ஏரிக்கரை, வரப்பு, சுடுகாடு. வெயிலுக்கு நுங்கு விற்கிறவரிடம் ஆளுக்கு ஆறு கண் வாங்கித் தின்றுவிட்டுக் கிளம்பினோம்.

ஊர்க் கோயிலில் பெரிய கோபுரம் எல்லாம் கிடையாது. ஓட்டு மண்டபம், சிமெண்ட் தூண், உள்ளே அம்மன். அர்ச்சுனன், தருமர், வீமன், கிருஷ்ணன் எல்லோரும் மரச் சிலைகளாகப் பக்கத்தில் நிற்கிறார்கள், புது வண்ணம் பூசி. காவலுக்குப் போத்துராசா. கையில் வாள். மகாபாரதத்தில் இல்லாத பாத்திரம் இவர். செஞ்சிப் பக்கத்துக் கதைகளில் போர்மன்னன் என்ற அரசனாக வந்து, கடைசியில் திரௌபதிக்குக் காவலாக நின்றுவிட்டவர். அவரை விட ஆச்சரியம் வெளியே இருக்கிற சின்ன மேடை. அது முத்தால ராவுத்தருக்கு. முஸ்லிம் குதிரை வீரர், அம்மனின் காவல்காரர். அவருக்குச் சுருட்டு வைக்கிறார்கள், குதிரைக்குக் கொள்ளு. பூசாரியிடம் எப்படி இவர் இங்கே வந்தார் என்று கேட்டேன். “எங்க தாத்தா காலத்துலயே இருந்தாரு” என்றார். அதற்கு மேல் அவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

கொடியேறிக் காப்புக் கட்டி ஒரு வாரம் ஆகிவிட்டது. காப்புக் கட்டியவர்கள் ராத்திரி வெளியூரில் தங்கக் கூடாது. ஊரில் கவுச்சி கிடையாது. காலையில் கூழ், மத்தியானம் சாம்பார், ராத்திரிக்குப் பெரியம்மா சுட்ட கேழ்வரகு அடை. எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஞாயிறு

பகாசுரன் வதம். ஏகசக்ரபுரத்தில் அசுரனுக்கு வண்டி வண்டியாகச் சோறு அனுப்பினார்களே, அந்த வண்டி இன்றைக்கு ஊருக்குள் வந்தது.

காலையிலிருந்தே வீட்டுக்கு வீடு சமையல். மாட்டு வண்டியில் பாய் விரித்து நடுவில் சோற்றைக் குவித்து, சுற்றி கொழுக்கட்டை, வடை, களி உருண்டை, வாழைப்பழம், பலாச்சுளை. மேலே வீமன் உட்கார்ந்திருக்கிறார். கூத்து ஜமாவில் அவர்தான் ஆள் பருமன். முகத்தில் அரிதாரம், தோளில் கதை. வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நிற்கும். பெண்கள் தட்டில் ஏதாவது கொண்டுவந்து போடுவார்கள். அவர் அசுரனுக்குப் போக வேண்டியதைத் தானே தின்றுகொண்டு, போதாது போதாது என்று சண்டை பிடிப்பார்.

“பெரிம்மா, கருவாட்டுக் கொழம்பு இல்லியா?”

“காப்புக் கட்டின ஊர்ல கருவாடு கேக்கறான் பாரு! எறங்குடா கீழ!”

தெருவே சிரித்தது. பின்னால் ஓடிய பிள்ளைகள் மேல் வடையைத் தூக்கி எறிந்தார். ஒரு கிழவி, எண்பது வயது இருக்கும், தட்டை நீட்டும்போது மட்டும் வீமன் வண்டியிலிருந்து இறங்கி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். “குந்தி வயசு ஆயா” என்றார். நடிப்பா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

இந்த விழாவின் அமைப்பு எனக்குப் புரிய ஆரம்பித்தது இங்கேதான். ஒரே கதையை மூன்று பேர் சொல்கிறார்கள். மத்தியானம் பிரசங்கியார் சொல்கிறார். ராத்திரி கூத்தாடிகள் சொல்கிறார்கள். நடுவில் சில நாள் ஊரே எழுந்து நடத்திக் காட்டுகிறது. பகாசுரனுக்குச் சோறு போடும் ஏகசக்ரபுரத்து ஜனம் யார் என்றால், இதோ தட்டோடு நிற்கிற இந்தப் பெரியம்மாக்கள்தான். பார்க்கிறவர் என்று யாரும் இல்லை.

ஒன்றையும் எழுதியாக வேண்டும். வண்டி பெரிய தெரு, மேட்டுத் தெரு, பிள்ளையார் கோயில் தெரு எல்லாம் சுற்றி, மெயின் ரோட்டில் திரும்பி மைதானத்துக்குப் போய்விட்டது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலனி. அங்கேயும் பிள்ளைகள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். வண்டி ஏன் அங்கே போகவில்லை என்று பெரியப்பாவிடம் கேட்டேன். “வழக்கம் இல்லீங்க” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கேட்காமலே, “இப்பத்த பசங்க கேக்கறாங்க. பேசணும்” என்றார். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் இதே திரௌபதி அம்மன் கோயிலில் தலித் மக்கள் நுழைவதில் தகராறு வந்து 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். அந்தச் செய்தி இந்த வட்டாரத்தில் எல்லோர் காதிலும் இருக்கிறது. கேள்வி கேட்டால் பதில் சொல்வதற்கு முன் ஒரு நொடி யோசிக்கிறார்கள்.

திங்கள்

வெயில். கத்திரி. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரசங்கம்.

கோயில் எதிரே தென்னங்கீற்றுப் பந்தல். பிரசங்கியார் வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு, பக்கத்தில் ஆர்மோனியம், பின்பாட்டுக்கு ஒருவர். வில்லிபுத்தூரார் பாரதத்திலிருந்து ஒரு விருத்தம் பாடுவார், பிரித்துப் பொருள் சொல்வார், அப்புறம் அரை மணி நேரம் ஊர் நியாயம் பேசுவார். சொத்துத் தகராறு, மருமகள், செல்போன், சீட்டாட்டம். மறுபடியும் பாட்டுக்கு வருவார். வில்லிபாரதம் 10 பருவம், 4,300 பாட்டுக்கு மேல். அவர் புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

வில்லிபுத்தூரார் இந்தத் தொண்டை மண்டலத்துக்குத் தெற்கே, திருமுனைப்பாடி நாட்டுச் சனியூரில் பிறந்தவர். வக்கபாகை வரபதியாட்கொண்டான் ஆதரவில் பாடினார். ஆனால் பாரதம் படிக்கும் பழக்கம் இங்கே அவருக்கும் முன்னாலிருந்தே இருக்கிறது. காஞ்சிபுரம் பக்கத்தில் கூரம் என்ற ஊரின் பல்லவர் செப்பேடு, ஏழாம் நூற்றாண்டு, முதலாம் பரமேசுவரவர்மன் காலத்தது. கோயிலுக்கு விட்ட நிலத்தில் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கென்று ஒரு பங்கு ஒதுக்குகிறது. பந்தலில் உட்கார்ந்து இதை நண்பனிடம் சொன்னேன். “அப்ப இவருக்கு நெலம் குடுத்தாங்க, இப்ப ஜிபே” என்றான். பந்தல் தூணில் கியூஆர் அட்டை ஒட்டியிருந்தது.

எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் முப்பது பேர் கூட இல்லை. பாதிப் பேர் கிழவர்கள், அதில் பாதி தூக்கம். கூத்துக்குத்தான் கூட்டம் வரும் போல, பிரசங்கம் செத்துக்கொண்டிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு ஏரிப்பக்கம் நடக்கப் போனேன். பனை உச்சியில் குழாய் ஸ்பீக்கர் கட்டியிருக்கிறார்கள். களத்து மேட்டில் ஏழெட்டுப் பெண்கள் மல்லாட்டை (நிலக்கடலை) ஆய்ந்துகொண்டிருந்தார்கள். செடியை உதறிக் காயைப் பறிக்கும் கை நிற்கவில்லை. பிரசங்கியார் துரோணரைப் பற்றி ஏதோ சொல்ல, ஒரு அக்கா இங்கிருந்தே பதில் சொன்னார்: “கட்ட வெரல கேட்டுட்டு இன்னா வாத்தியாரு அவரு!” மற்றவர்கள் ஆமோதித்தார்கள். பந்தலில் முப்பது பேர், வயல்வெளி முழுக்க மீதி ஊர்.

ராத்திரி வில் வளைப்புக் கூத்து. பன்னிரண்டு மணி வரை பார்த்தேன். வந்தவாசிக் கோரைப்பாய் கீழே, மேலே வானம், லேசாகக் காற்று. அர்ச்சுனன் வில்லை வளைத்தாரா இல்லையா எனக்குத் தெரியாது. எழுந்தபோது காக்கை கத்திக்கொண்டிருந்தது.

செவ்வாய்

நேற்றுத் தூங்கியதற்குப் பரிகாரமாக இன்றைக்குச் சாயங்காலமே கூத்துக் கொட்டகைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். பள்ளிக்கூட வராண்டாதான் கொட்டகை. குண்டு பல்பு, சின்னக் கண்ணாடி, ஆளாளுக்குத் தானே முகம் எழுதிக்கொள்கிறார்கள். அரசர் வேஷம் என்றால் ‘கட்டை’ கட்ட வேண்டும். கிரீடம், புஜம், மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு பதித்தவை. கனம் இல்லாத மரம் அது. அப்படியும் எல்லாம் கட்டி முடித்தால் ஆள் இரண்டு மடங்கு அகலம். அதைக் கட்டிக்கொண்டுதான் விடிய விடியச் சுற்றி ஆட வேண்டும்.

ஜமாவின் வாத்தியார்தான் துரியோதனன். அறுபது வயதுக்கு மேல். பேச்சு மெதுவாகத்தான் வருகிறது. புரிசையில் ஒரு குடும்பம் தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடி இந்த வட்டாரத்தின் பேரை வெளிநாடு வரை கொண்டுபோனது, அது பற்றிக் கேட்டேன். மரியாதையாகப் பேசினார். அப்புறம், “அவங்க மேடையிலயும் ஆடறாங்க. நாங்க தெருவுல மட்டும்தான். ரெண்டும் வேற வேற ஒடம்பு சார்” என்றார். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்று பிரிவு இருக்கிறது, அடவிலும் பாட்டிலும் வித்தியாசம் உண்டு என்றும் சொன்னார். எனக்கு அதைப் பிரித்துக் கேட்கும் காது இல்லை.

பத்தரைக்குக் களரி கட்டினார்கள். மத்தளம், ஆர்மோனியம், முகவீணை, தாளம். முகவீணை சின்ன நாதசுரம் மாதிரி, ஆனால் ஊரையே எழுப்பும். பிள்ளையார் துதி முடிந்து கட்டியங்காரன் வந்தான். ராஜாவை அறிமுகப்படுத்துவது அவன் வேலை, ராஜாவைக் கிண்டல் பண்ணுவதும் அவன் வேலை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் பாடுகிறார். முதலில் கிரீட நுனி, அப்புறம் ஒரு கை, சலங்கைச் சத்தம். திரை விலகியதும் கொட்டகையில் நான் பார்த்த அந்த மெதுவான மனிதரைக் காணோம். சுழன்று சுழன்று ஆடுகிறார். பெஞ்சு மேல் தாவி நிற்கிறார்.

நடுநடுவே அன்பளிப்பு. யாராவது நூறு ரூபாய் கொடுத்தால் ஆட்டத்தை நிறுத்தி, கட்டியங்காரன் கொடுத்தவர் பெயர், அப்பா பெயர், எந்தத் தெரு எல்லாம் சொல்லி வாழ்த்த வேண்டும். அஸ்தினாபுரத்துச் சபை அப்படியே உறைந்து காத்திருக்கும். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக அதுவும் சபையின் ஒரு பகுதிதானே என்று தோன்றிவிட்டது. அரசவை என்றால் கொடை அறிவிப்பு இருக்கத்தானே வேண்டும்.

பகடை உருண்டது. தருமர் தோற்றார். மூன்று மணி இருக்கும், துச்சாதனன் திரௌபதியை இழுத்துவர வேண்டும். அவர் நேராக அவளிடம் போகவில்லை. முதலில் கோயில் பக்கம் திரும்பினார், கற்பூரம் ஏற்றச் சொன்னார், விழுந்து கும்பிட்டார். “தாயே, வயித்துப் பொழப்புக்கு வேஷம் கட்டினவன் நான்” என்று உரக்கச் சொன்னார். பிறகுதான் கூந்தலைத் தொட்டார். திரௌபதி வேஷம் கட்டியவர் நாற்பது வயது ஆண், மீசை மழித்த நீலம் அரிதாரத்துக்குள்ளும் தெரிகிறது. ஆனால் அந்த நேரத்தில் பாயில் தூங்கிய பெண்கள் எல்லோரும் எழுந்து உட்கார்ந்திருந்தார்கள். முன் வரிசையில் ஒரு பெண்ணுக்குச் சாமி வந்தது. ஆட்டம் நின்றது. அவருக்கு விபூதி பூசி, எலுமிச்சம்பழம் கொடுத்து உட்கார வைத்த பிறகு மறுபடி மத்தளம் தொடங்கியது. கூந்தலை இனி துரியோதனன் ரத்தம் பூசித்தான் முடிப்பேன் என்று அவள் சபதம் செய்தபோது கிழக்கு வெளுத்துவிட்டது.

புதன்

தபசு மரம். காலையிலேயே நட்டுவிட்டார்கள். அறுபது அடி இருக்கும், நல்ல வைரம் பாய்ந்த பனை. பக்கவாட்டில் படிக்கட்டை அடித்து, உச்சியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மேடை, மாவிலை, தென்னம்பாளை. அர்ச்சுனன் சிவனிடம் பாசுபதாஸ்திரம் வாங்க ஏறும் கயிலை அது.

நாலு மணிக்கு அர்ச்சுனன் வந்தார். ஜடாமுடி, காவி, தோளில் பை. மரத்தைச் சுற்றிப் பாடிக்கொண்டே வந்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே ஆர்மோனியமும் மத்தளமும். மேலே போகப் போக அவர் குரல் சிறுத்து, கைமைக் வழியாக மட்டும் கேட்டது. மரத்தடியில் ஈரப் புடவையோடு பத்துப் பதினைந்து பெண்கள், பிள்ளை வரம் கேட்டு வந்தவர்கள். சுற்று ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். சிலருடன் மாமியார், சிலருடன் கணவன். அவன் கொஞ்சம் தள்ளி நின்று செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சிக்குப் போனதும் அர்ச்சுனன் பையிலிருந்து வில்வம், விபூதி, எலுமிச்சம்பழம், பூ எல்லாவற்றையும் அள்ளி வீசினார். கீழே முந்தானைகள் விரிந்தன. எலுமிச்சை எங்கே விழும் என்று யாருக்கும் தெரியாது, காற்று வேறு. கிடைத்தவர் முகத்தையும் கிடைக்காதவர் முகத்தையும் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது. படம் எடுக்கவில்லை. குழந்தை இல்லை என்றால் ஈரப் புடவையோடு நிற்க வேண்டியது பெண் மட்டும்தான் என்பது இங்கேயும் மாறவில்லை. ஆனால் பழம் கிடைக்காத ஒரு பெண்ணுக்குப் பக்கத்திலிருந்தவர் தன் பழத்தைப் பிட்டுப் பாதி கொடுத்ததையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் முன்பின் பழக்கம் இல்லை என்பது பேச்சில் தெரிந்தது.

வியாழன்

ராத்திரி விராட பருவம். மழை வேண்டிப் படிப்பது என்பதால் இதற்கு ஊரில் தனி மரியாதை. மாடு பிடி சண்டைக்காகச் சாயங்காலம் தெருவில் நிஜ மாடுகளையே ஓட்டினார்கள். விராடனின் ஆநிரை ஜெர்சி கலப்பு. ஒரு கன்று மிரண்டு மைக்செட்காரர் மேல் பாய்ந்ததைத் தவிர விசேஷம் இல்லை. மழையும் இல்லை.

பகலில் மாமண்டூர் போய்வந்தோம். தூசி கிராமத்தை அடுத்து, காஞ்சிபுரம் வந்தவாசி சாலைக்குப் பக்கத்தில் குன்று. அதில் பல்லவர் குடைவரைகள். கீழே பெரிய ஏரி, சித்திரமேகத் தடாகம் என்று கல்வெட்டில் பெயர் உள்ளது அதுதான். குடைவரையில் மகேந்திரவர்மனின் கிரந்தக் கல்வெட்டு ஒன்று சிதைந்து போய் இருக்கிறது. ‘மத்தவிலாசம்’ என்ற எள்ளல் நாடகத்தின் பெயர் அதில் வருகிறது. ராஜாவே எழுதிய நாடகம், காஞ்சித் தெருவில் குடித்துவிட்டு அலையும் காபாலிகனைப் பற்றியது. ராத்திரி விராட நகரத்தில் கட்டியங்காரன் கீசகனைப் படுத்திய பாட்டைப் பார்த்தபோது அந்தப் பல்லவ ராஜாவைப் பாயில் உட்கார வைத்தால் ரசித்திருப்பார் என்று தோன்றியது.

வெள்ளி

கர்ண மோட்சம். இந்த ஊர்ப் பக்கம் யாராவது இறந்தால் காரியத்தன்று ராத்திரி இதே கூத்தை வைப்பார்கள். அதனால் எல்லோருக்கும் மனப்பாடம். கர்ணன் அடுத்த வரியை இழுக்கும்போதே பாயிலிருந்து முணுமுணுப்பாகப் பாட்டு வருகிறது.

இந்தக் கூத்தின் உயிர் போர்க்களம் இல்லை. போருக்குப் போகும் முன் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெற வருவதுதான். அவள் ராஜகுமாரி. தேரோட்டி வளர்த்த பிள்ளைக்கு வாக்கப்பட்டதில் அவளுக்கு அருவருப்பு. கதவைத் திறக்கமாட்டேன் என்கிறாள். உன் குலம் என்ன, கோத்திரம் என்ன என்று கேட்கிறாள். கர்ணன் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறான். அவன் குந்தி பிள்ளை என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதை ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்து ஆடினார்கள், ஒருவரும் அசையவில்லை.

கட்டியங்காரன் மெதுவாகக் கேட்டான்: “ஏம்மா, குலம் தெரிஞ்சாத்தான் கதவத் தெறப்பியா? அப்ப உன் வூட்டு வண்டி எந்தத் தெருவுல நிக்கும், எந்தத் தெருவுல நிக்காது?” சிரிப்பு வரும் இடத்தில் வரவில்லை. முன்னால் விழாக் குழுப் பெரியவர்கள். பந்தலுக்கு வெளியே, ரோட்டோரம், காலனிப் பையன்கள் பைக் மேல் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து ஒரு விசில். வாத்தியார் ஆர்மோனியத்தைப் பார்த்துக் கண்ணைக் காட்ட, அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது.

காலையில் கட்டியங்காரனை டீக்கடையில் பிடித்தேன். முகத்தில் பாதி அரிதாரம். அது எழுதி வைத்த வசனமா என்று கேட்டேன். “கட்டியங்காரனுக்கு ஏது சார் எழுதின வசனம்?” என்று பன்னை டீயில் தோய்த்தார்.

சனி, ஞாயிறு

இரண்டு நாளையும் சேர்த்து எழுதுகிறேன், நடுவில் தூங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் ஏரிக்குக் கீழே தரிசில் துரியோதனனைச் செய்ய ஆரம்பித்தார்கள். டிராக்டரில் மண், டேங்கரில் தண்ணீர். குழைத்துக் குழைத்துக் குவித்து, மல்லாக்கப் படுத்த ஆள். தலையிலிருந்து கால் வரை ஐம்பது அடிக்குக் குறையாது. விடிவதற்குள் மார்பு, தொடை, மீசை, கிரீடம் எல்லாம் வந்துவிட்டன. கண்ணுக்குச் சுண்ணாம்பு, மீசைக்குக் கரி. வலது தொடையில் குழி தோண்டிச் சிவப்புத் தண்ணீர்ச் சட்டி ஒன்றைப் புதைத்து மண்ணால் மூடினார்கள். உருவம் போடுகிறவர், அவர் அப்பாவும் இதே வேலைதான், விரல் நகம் வரை சீவிக்கொண்டிருந்தார். நாளைக்கு உடைக்கப் போகிறதை ஏன் இவ்வளவு பார்த்துப் பார்த்து என்று நண்பன் கேட்டான். “ராஜா இல்லியா” என்றார்.

ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர்க் கூத்து. காலை ஒன்பது மணிக்கு அந்த வேஷத்தோடேயே வீமனும் துரியோதனனும் படுகளத்துக்கு நடந்து வந்தார்கள். ராத்திரி முழுக்க ஆடிய உடம்பு, கத்திரி வெயில், கட்டை வேஷம். பின்னால் அம்மன் உற்சவம், பம்பை, உடுக்கை, சிலம்பு. கூட்டத்தைச் சொல்லி முடியாது. வேலைக்குச் சென்னை, ஒரகடம் போன பையன்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். இது கோயிலும் இல்லை, தெருவும் இல்லை, வெட்டவெளி. காலனிக் குடும்பங்களும் இங்கே குடையோடு உட்கார்ந்திருந்தன. யார் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பிரிக்க முடியாத ஒரே இடம் இந்தப் படுகளம்தான்.

இரண்டு பேரும் மண் உருவத்தைச் சுற்றி ஓடுகிறார்கள். துரியோதனன் ஜனத்துக்குள் புகுந்து ஓடுகிறார், பிள்ளைகள் அலறுகின்றன, வீமன் துரத்துகிறார். உருவத்தின் மேல் ஏறி நின்று வசனம். வீமன் திரும்பத் திரும்பத் தோற்கிறான். கிருஷ்ணன் தொடையைத் தட்டிக் காட்டுகிறார். கதை இறங்கியது. மண் வெடித்துச் சிவப்பு பீய்ச்சியது. வாத்தியார் மண் மேல் விழுந்தார், எழுந்திருக்கவில்லை. உடனே பெண்கள் குலவை போட்டார்கள்.

திரௌபதியை அழைத்துவந்து மார்பு மேல் நிறுத்தி, அந்தச் சிவப்பை எடுத்துக் கூந்தலில் தடவி, வாரி முடித்துப் பூ வைத்தார்கள். செவ்வாய் ராத்திரி அவிழ்ந்த கூந்தல். இந்த நாலைந்து நாளும் அந்த நடிகர் தலையை முடியாமலேயே மேடைக்கு வந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

அதற்கு அப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் வந்தாள், கையில் முறமும் துடைப்பமும். புருஷன் முகத்தில் ஈ விரட்டுகிறாள், முறத்தால் விசிறுகிறாள், துடைப்பத்தால் கூட்டத்தை அடிக்கிறாள், மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கிறாள். பாதிச் சிரிப்பு. ஆனால் ஒப்பாரி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கீழே உட்கார்ந்திருந்த கிழவிகள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டார்கள். அவர்கள் துரியோதனனுக்கு அழவில்லை. பக்கத்திலிருந்த ஆயா பாட்டில் வந்த பெயர் அவருடைய மகனுடையது என்று பெரியம்மா காதில் சொன்னார். ஜெயித்தவளைக் கும்பிட்டுவிட்டுத் தோற்றவனுக்காக அழுகிற விழாவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அழுகை ஓய்ந்ததும் எல்லோரும் எழுந்து மண்ணை அள்ள ஆரம்பித்தார்கள். காலும் கையும் மார்பும் நிமிஷத்தில் கரைந்தன. நெல் வைக்கிற இடத்தில் போட, நிலத்தில் தூவ, பிள்ளை நெற்றியில் பூச. பாலிதீன் பை, முந்தானை, டிபன் பாக்ஸ்.

சாயங்காலம் தீமிதி. காலையிலேயே அடுக்கிப் பற்றவைத்த புளிய விறகு மத்தியானத்துக்குள் கங்காகி, நீளமான குண்டத்தில் பரப்பிவிட்டார்கள். பத்தடி தள்ளி நின்றாலே முகம் காய்கிறது. குண்டத்தின் கடைசியில் பால்குழி. மஞ்சள் உடையில் காப்புக் கட்டியவர்கள் குளக்கரையிலிருந்து பம்பையோடு வந்தார்கள். முதலில் பூங்கரகம். அப்புறம் வரிசையாக. ஓடவில்லை, வேகமாக நடந்தார்கள். ஒரு இளைஞன் தங்கச்சி பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு இறங்கினான். தீயில் பிறந்தவள் முன்னால் தீயில் நடப்பது. பெரியப்பாவும் நடந்தார். இருபது வருஷமாக நடக்கிறாராம். ராத்திரி திண்ணையில் அவர் காலைப் பார்த்தேன், உள்ளங்காலில் ஒரு இடத்தில் சின்னக் கொப்புளம். “நடுவுல ஒரு செகண்டு வேற நெனப்பு வந்துடுச்சு” என்றார். என்ன நினைப்பு என்று அவர் சொல்லவில்லை.

திங்கள்

தருமர் பட்டாபிஷேகம் காலையிலேயே, அரை மணி நேரத்தில். பத்து வயதுப் பிள்ளைகள் மஞ்சள் தண்ணீர் ஊற்றி விளையாடியதுதான் பெரிய கலாட்டா. கொடி இறங்கியது, காப்பு அவிழ்த்தார்கள். மத்தியானம் ஊர் முழுக்கக் கருவாட்டுக் குழம்பு வாசனை. ஜமா வேனில் கட்டைப் பெட்டிகளை ஏற்றியது. இன்றைக்கு ராத்திரியே வேறு ஊரில் வில் வளைப்பாம்.

பிள்ளையார் கோயில் திண்ணையில் கணக்கு வாசித்தார்கள். தலைக்கட்டு வரி, அன்பளிப்பு, ஜமாவுக்கு, பிரசங்கியாருக்கு, விறகுக்கு, மைக்செட்டுக்கு. கடைசியில் ஒரு இளைஞர், கல்லூரி முடித்தவர், அடுத்த வருஷம் பகாசுரன் வண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கமும் போக வேண்டும் என்றார். இரண்டு பேர் எழுந்து சத்தம் போட்டார்கள். ஒருவர் வெளியேறினார். பெரியப்பா முதல் நாள் என்னிடம் சொன்னதையே அங்கேயும் சொன்னார், பேசணும் என்று. ஆனால் நோட்டில் எழுதச் சொன்னார். எழுதினார்கள்.

போக விரும்புகிறவர்களுக்கு: பங்குனி முதல் ஆனி வரை செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சிப் பக்கம் ஏதாவது ஒரு ஊரில் பாரதம் நடந்துகொண்டேதான் இருக்கும். பஸ் ஸ்டாண்டு சுவரில் நோட்டீஸ் பாருங்கள், படுகளம் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வைக்கிறார்கள். முந்தின நாள் ராத்திரியே போய்விடுங்கள். பாய், டார்ச், தண்ணீர் பாட்டில் வேண்டும். படுகளத்துக்குக் குடை கட்டாயம். கூத்தாடிகளுக்குக் கொடுக்க நினைத்தால் நடுவில் கூப்பிட்டு நிறுத்தாமல் விடிந்ததும் கொட்டகையில் போய் வாத்தியார் கையில் கொடுங்கள்.